அம்பாசடர் ஆடிய ஞாயிற்றுக்கிழமை

1

போன தடவை நான் எழுதி அனுப்பினது, பொங்கல் முடிந்து கரும்புச் சக்கையை மாடு தின்று தீர்த்த பிறகுதான் உங்கள் கைக்கு வந்ததாம். கப்பல் தபால் அப்படி. அதனால் இந்தத் தடவை விமானத் தபாலில் போடுகிறேன். நம்ம ஊர் ஆண்டு மலரில் டாக்டர் எழுதுவார், வாத்தியார் எழுதுவார், அமெரிக்காவில் இருக்கிற கம்ப்யூட்டர் தம்பி எழுதுவார். ஆனால் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கடல் தாண்டினவன் எழுதினதைத்தான் முதலில் புரட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போன் போட்டுச் சொல்கிறீர்களே.

போர்ட்பிளேரில் நான் கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு முப்பத்து மூணு வருஷம். இறங்கும்போது கையில் ஒரு துணிப்பை. பையில் இரண்டு சட்டை, ஒரு ஸ்பானர். ஸ்பானர் என்னுடையது இல்லை, கோவில்பட்டி லாரி ஷெட்டில் இருந்து தெரியாமல் கூட வந்துவிட்டது. முதலாளி எங்கே இருந்தாலும் மன்னிக்கட்டும். "நம்பர் படிக்கத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்குடா ஸ்பானரு?" என்று அதால்தான் என் முட்டியில் தட்டுவார். நம்பர் எதற்கு? நட்டைத் தொட்டால் அளவு சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது ஜங்லிகாட்டில் இறங்கித் 'தமிழ் மிஸ்திரி' என்று சொல்லிப் பாருங்கள். இங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். ஆட்டோக்காரன் விலாசம் கேட்க மாட்டான், நேராக என் ஷெட் வாசலில் இறக்குவான். வங்காளி, தெலுங்கர், மலையாளி யாராக இருந்தாலும், என் கை படாத வண்டி இந்த ஊரில் இல்லை. இருந்தால் அது ஓடாத வண்டி.

கப்பல் இறங்கின நாளுக்கு வருஷா வருஷம் ஒரு கோழி அடித்து வீட்டோடு சாப்பிடுவது வழக்கம். இந்த வருஷம் கோழி இல்லை. பதினாலு கார், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு போலீஸ் அதிகாரி, அப்புறம் பூசணிக்காய். சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் விலா வலி போகவில்லை.

2

எனக்கு ஒரே மகள், கோமதி. வயது இருபத்து மூணு, பி.காம். இங்கேயே பிறந்தவள். கோபம் வந்தால் இந்தி, சிரிப்பு வந்தால் இந்தி, அம்மாவிடம் சண்டை என்றால் மட்டும் சுத்தத் தமிழ். நம்ம ஊரை அவள் 'மெயின்லேண்ட்' என்றுதான் சொல்வாள். அவளுக்கு மெயின்லேண்ட் என்றால் மூணு நாள் கப்பல் வாந்தி, கல்யாண வீட்டில் கன்னத்தைக் கிள்ளுகிற பெரியம்மாக்கள், அவ்வளவுதான். நான் "கோவில்பட்டியில..." என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவாள். இது கொஞ்ச நாளாகவே எனக்குள் குத்திக்கொண்டு இருந்தது. வெளியே சொல்ல மாட்டேன்.

ஆனால் வண்டி விஷயத்தில் என் ரத்தம். அதில் சந்தேகமே இல்லை.

அவள் ஓட்டுகிற அம்பாசடர் சுனாமியில் முங்கினது. சிப்பிகாட் பக்கம் வயலும் ரோடும் கடலுக்குள் போனது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு வீட்டு வாசலில் கூரை மட்டும் வெளியே தெரிய மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள், நான் இழுத்து வந்தேன். கதவைத் திறந்தால் டிரைவர் சீட்டில் ஒரு நண்டு, என்னவோ அதுதான் சொந்தக்காரன் மாதிரி முறைத்தது. எஞ்சினை அக்கு அக்காகப் பிரித்து டீசலில் ஊறப் போட்டேன், வயரிங் முழுக்க உருவினேன், தரைத் தகடு புதிதாக வெட்டி ஒட்டினேன். இரண்டு வருஷம். போன மலரில் அதைத்தான் எழுதினேன். "ஒரு பொடி மணல் இல்லாமல் எடுத்தேன்" என்று நான் போட்டிருந்த வரியை மூணு பேர் பாராட்டினீர்கள்.

அப்படி எடுத்த வண்டியை மகள் நேராக ஓட்டியிருக்கலாம் இல்லையா? அவள் இன்டர்நெட்டில் ஜப்பான்காரர்கள் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டுத் திருப்பத்தைக் கடப்பதைப் பார்த்துவிட்டாள். டிரிஃப்ட் என்று அதற்குப் பெயர். முன்சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும், வண்டி வேறு பக்கம் போகும், பின்பக்கம் துடைப்பம் மாதிரி ரோட்டைக் கூட்டிக்கொண்டு வரும். பின்சக்கரம் இழுக்கிற வண்டிதான் இதற்கு ஆகும். இந்தக் காலத்துச் சின்னக் கார்களெல்லாம் முன்சக்கரத்தில் இழுக்கிறவை. நம்ம கிழட்டு அம்பாசடர் பின்னால் இழுக்கும். அது போதாதா அவளுக்கு?

ஒரு மழை மத்தியானம் லம்பா லைன் பக்கம், விமான நிலைய ரோட்டில், திருப்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எதிரே போலீஸ் ஜீப்.

என்னைத் தாணாவுக்குக் கூப்பிட்டார்கள். தாணா என்றால் இங்கே போலீஸ் ஸ்டேஷன். பெரிய சாப், அதாவது அங்கே இருக்கிற அதிகாரி, வங்காளி. நல்ல மனுஷன், நல்ல தொப்பை. அவர் ஜீப்புக்கு கிளட்ச் மாற்றினவனே நான்தான்.

"மிஸ்திரி, உன் பொண்ணு ரோட்டைப் பெருக்குறா. நாளைக்கு யாராவது குறுக்க வந்தா?"

அவர் சொன்னது நியாயம். பயம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும், வாயை விடுவேன். "இன்னொரு தடவை இப்படி நடந்தா, என் கையாலயே கேஸ் கட்டரை வச்சு வண்டியை ரெண்டாப் பொளந்து போட்டுடுறேன் சாப்!"

சாப் முகம் மலர்ந்துவிட்டது. "பகுத் அச்சா. எழுதிக் குடு."

எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். தமிழில் எழுதினேன். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட, சாப் தலையை ஆட்டி முத்திரை குத்தி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோமதியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஷெட் வாசலில் இறங்கின பிறகுதான் கேட்டாள்.

"பப்பா, நிஜமாவே வெட்டிடுவீங்களா?"

"எழுதிக் குடுத்தாச்சே."

"ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டுச் செஞ்சீங்களே!"

"அதுக்கு? உன் உசுரு பெருசா, வண்டி பெருசா?"

"சரி. ரோட்டுல ஓட்ட மாட்டேன், கசம், சத்தியமா. ஆனா ஓட்டாம இருக்கவும் மாட்டேன். நீங்கதான் பெரிய மிஸ்திரி ஆச்சே, ஒரு இடம் பண்ணிக் குடுங்க."

3

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு ஒரு பழைய விஷயத்தை நினைத்தேன். நம்ம கரிசல் மண் மழையில் சோப்பு மாதிரி ஆகிவிடும் இல்லையா? கிளீனராக இருந்தபோது பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு விளாத்திகுளம் பக்கம் ஒரு காட்டுப் பாதையில் வந்தோம். மழை பிடித்தது. லாரி அப்படியே பக்கவாட்டில் போக ஆரம்பித்துவிட்டது. டிரைவர் பிரேக்கைத் தொடவில்லை. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடித்து, ஆக்சிலேட்டரை மிதித்து, வண்டியை நண்டு மாதிரி அரை பர்லாங் கொண்டு போய் நேராக்கினார். கோமதி சொல்கிற டிரிஃப்ட் அதுதான். அப்போது எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. 'செத்தோம்டா' என்பதுதான் பெயர்.

நான் நடுங்கினது நிஜம். ஆனால் இறங்கின பிறகு நானும் டிரைவரும் வயிறு வலிக்கச் சிரித்ததும் நிஜம். அந்தச் சிரிப்பை மகளுக்கு மட்டும் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாள் டீக்கடையில் அறிவித்துவிட்டேன். "தீவுல முதல் முறையா, எல்லாரும் கார் ஓட்டுறதுக்குன்னே ஒரு நாள். சுத்தி ஓட்டுறதும் உண்டு, வழுக்கி ஓட்டுறதும் உண்டு. நடத்துறது யாரு? நானு."

முதலில் எழுந்தவன் டாக்சி ராமையா. இலங்கை மலைத்தோட்டத்தில் இருந்து வந்த குடும்பம். கச்சால் தீவில் ரப்பர் வெட்டிக்கொண்டு இருந்தார்கள். சுனாமி அந்தத் தீவைத் துடைத்த பிறகு போர்ட்பிளேர் வந்து டாக்சி ஓட்டுகிறான்.

"அண்ணே," என்றான், "காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் வண்டிதான் ஓட்டுறோம். ஒரு நாளாச்சும் சவாரி இல்லாம, நமக்குன்னு ஓட்டியிருக்கமா? என் பேரை மொதல்ல போடுங்க."

சாயங்காலத்துக்குள் பதினாலு பேர். ஒன்பது டாக்சி அம்பாசடர், நாலு வேன், அப்புறம் கோமதி. கோழிப்பண்ணைக்காரரின் மனைவி தன் முட்டை வேனோடு பெயர் கொடுத்தார். "முட்டையை இறக்கிட்டுத்தானே அக்கா வருவீங்க?" என்று ராமையா கேட்டான். "நீ மொதல்ல உன் வண்டிக் கதவைக் கயிறு இல்லாம மூடு, அப்புறம் பேசு" என்றார் அவர்.

இடமும் கிடைத்தது. கராச்சர்மாவைத் தாண்டி, சுனாமி வீடுகள் கட்டும்போது சாமான் இறக்கி வைக்கப் போட்ட ஒரு பெரிய சிமெண்ட் தளம். வீடெல்லாம் கட்டி முடிந்து, இப்போது ஆடு மேய்வதற்குக்கூடப் புல் இல்லாத வெறும் தளம். பார்த்ததும் கோமதி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தாள். ஏதோ கோயில் பிரகாரம் மாதிரி.

4

இனி, அனுமதி வாங்கப் போன ஆபீஸ் கதை.

ஃபாரம் ஒன்று கொடுத்தார்கள். என்ன நிகழ்ச்சி என்பதற்கு நாலு கட்டம். மதம், திருமணம், விளையாட்டு, கலை. விளையாட்டு என்றால் எந்த விளையாட்டுச் சங்கம் என்று கேட்டார்கள். சங்கம் இல்லை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெயர் வேண்டும். கோமதி அன்றைக்கு வேறு வேலையாக வெளியே போய்விட்டாள், நானே என் இந்தியில் கிளார்க்குக்கு விளக்கினேன். வழுக்குவதற்கு இந்தியில் சொல் வரவில்லை. "காடி நாச்தா ஹை சாப்" என்றேன். வண்டி ஆடும். கையை ஆட்டி, இடுப்பை ஆட்டியும் காட்டினேன். அந்த மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'கலை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்.

அனுமதி வந்தது. கோமதி படித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நடன நிகழ்ச்சிக்கான நிபந்தனைகள் எல்லாம் அப்படியே வந்திருந்தன. மேடை உயரம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது. கலைஞர்கள் கண்ணியமான உடை அணிய வேண்டும். ஒரு தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும். "பப்பா, அம்பாசடருக்கு என்ன உடை போடுறது?" என்றாள். "அது ஏற்கனவே வெள்ளை வேட்டிலதான் இருக்கு" என்றேன்.

ஆனால் தாணாவின் சம்மதமும் வேண்டுமாம். பெரிய சாப் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன ஆட்டம் என்று தெரியும். சட்டைப் பையைத் தட்டினார். என் கடிதம் அதற்குள்தான் இருந்தது.

"நடத்து. தளத்தைச் சுத்தி சுண்ணாம்புக் கோடு போடு. ஜனங்க கோட்டுக்கு ரொம்பப் பின்னால, டயர் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கணும். எந்த வண்டியா இருந்தாலும் ஒரு சக்கரம் கோட்டைத் தாண்டினா நிகழ்ச்சி அங்கேயே முடிஞ்சது. நீ எழுதிக் குடுத்ததை அங்கேயே செய்யணும். கேஸ் கட்டரைக் கொண்டு வந்து வச்சுக்கோ."

"எங்க சாப்?"

"நான் உக்காருற நாற்காலி பக்கத்துல."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாலு பேர் ஓட்டுகிறார்கள், அதில் எவன் தப்பு செய்தாலும் வெட்டுப்படப் போவது என் மகள் வண்டி. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி மாரியம்மாள் அரிசி களைந்துகொண்டே, "அந்த வாயை மட்டும் கடல்ல போட்டுட்டு வந்திருந்தா நாம எப்பவோ முன்னுக்கு வந்திருப்போம்" என்றாள். நாங்கள் முன்னுக்குத்தான் வந்திருக்கிறோம், அதை அவள் ஒப்புக்கொள்வதில்லை.

5

டயர் விஷயத்தில் என்னை எல்லாரும் கேலி பண்ணுவார்கள். இங்கே எல்லாமே கப்பலில் வருகிற சாமான். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் ஒரு போல்ட் கிடைக்காது. அதனால் நான் எதையும் எறிவதில்லை. தேய்ந்து, ரப்பர் பூ முழுக்க அழிந்து, மொட்டைத் தலையாகப் போன டயர்கள் ஷெட்டுக்குப் பின்னால் மலையாகக் கிடந்தன. கொசு வரும் என்று சுகாதாரக்காரர்கள் திட்டினார்கள், தண்ணீர் தேங்காமல் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு வைத்தேன்.

அந்த மலைதான் இப்போது ராஜா. டிரிஃப்ட் செய்ய மொட்டை டயர் போல வேறு எதுவும் ஆகாது. பிடிப்பே இருக்காதே! புது டயரைத் தேய்த்து வீணாக்க இந்தத் தீவில் எவனுக்கும் மனசு வராது. பதினாலு வண்டிக்கும் முன்னால் நல்ல டயர், பின்னால் என் மொட்டைகள். மிச்சத்தை மூணு மூணாக அடுக்கி, கோட்டுக்கு வெளியே சுவர் எழுப்பினோம். தளத்தின் நடுவே மண் நிரப்பின எண்ணெய் டிரம்கள். அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிற பாதையைக் கோமதி ஒரு தாளில் வரைந்து, சாக்கட்டியால் தரையில் இறக்கினாள். கரண்டி மாதிரி ஒரு பாதை. காம்பில் வேகமாக வந்து, குழியில் வழுக்கித் திரும்ப வேண்டும்.

"காலையில சர்க்கிட். ஒவ்வொருத்தரா நேரம் பார்த்து ஓட்டணும், போட்டி இல்ல. மத்தியானம் டிரிஃப்ட், தண்ணி தெளிச்சு. எல்லாருக்கும் ஹெல்மெட், பெல்ட்" என்று அவள் இந்தியில் சொன்னாள். ஒன்பது டாக்சிக்காரர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இதே ஆட்கள் பிரேக்குக்கு ஆயில் ஊற்றச் சொன்னால் என்னிடமே வாக்குவாதம் பண்ணுவார்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. டயர் சுவருக்குப் பின்னால் ஜனம். குடையும் சாப்பாட்டுத் தூக்கும் பாயும் கொண்டு வந்திருந்தார்கள். பொரியும் சமோசாவும் விற்க வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் நிழலில் நிறுத்திவிட்டுச் சீட்டைச் சாய்த்துக்கொண்டார்கள். பெரிய சாப் சீருடையில் நாற்காலியில். பக்கத்தில் என் கேஸ் கட்டர், சிலிண்டரோடு. அதற்கு யாரோ ஒரு மாலை வேறு போட்டுவிட்டார்கள்.

இனிதான் என் தப்பைச் சொல்ல வேண்டும். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் ஷெட்டில் இருந்து எந்த வண்டியும் பூசணிக்காய் உடைக்காமல் வெளியே போனது கிடையாது. குங்குமம் போட்டு, கற்பூரம் காட்டி, வண்டி முன்னால் ஓங்கி ஒரு அடி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். முப்பது வருஷத்தில் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும்கூட என்னிடம் வண்டி எடுத்தால் "மிஸ்திரி, கத்து கஹான் ஹை?" என்று பூசணிக்காயைக் கேட்டு வாங்கி உடைத்துக்கொள்வார்கள். அதனால் நான் ஒரு காய் கொண்டு போனேன். போனால், பதினாலு பேரும் ஆளுக்கு ஒன்று கொண்டு வந்திருக்கிறார்கள்! யாருக்கு வேண்டாம் என்பது? ஆரம்பக் கோட்டில் வரிசையாக நின்று பதினஞ்சு பூசணிக்காயும் உடைந்தது. சத்தம் கேட்டுத் தீயணைப்புக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நம்ம ஊர் பஜாரில் எத்தனை பேர் பூசணியில் சறுக்கி விழுவார்கள்? வளைந்த ஹேண்டில்பாரை நானே எத்தனை நிமிர்த்தியிருக்கிறேன்? எல்லாம் தெரிந்தவன்தான். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

ராமையா முதல் ஆள். ஹெல்மெட்டுக்கு மேலே விபூதி பூசியிருந்தான். கொடி இறங்கியது. மொட்டை டயர், கீழே பூசணிக் கூழ். வண்டி முன்னால் போகவே இல்லை. ஒரு அரை வட்டம் போட்டது. அப்புறம் முழு வட்டம். அப்புறம், பல்லாக்கு மாதிரி அலுங்காமல் குலுங்காமல், முதுகைக் காட்டிக்கொண்டே பெரிய சாப் இருந்த பக்கம் போக ஆரம்பித்தது. ராமையா பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். சாப் நாற்காலியோடு எழுந்தார். வண்டி மெல்ல ஊர்ந்து டயர் சுவருக்கு நாலு அடி முன்னால் நின்றது. பின்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டின் மேல்.

கோமதி முகத்தைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ராமையா இறங்கி வந்தான். "அண்ணே, நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுவா ஆடுச்சு."

சாப் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "தாண்டிடுச்சு."

"தாண்டல சாப், மேல இருக்கு!" முட்டை வேன் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "கோடு அங்க முடியுது, டயரு இங்க முடியுது!" பாதிப் பேர் தாண்டிவிட்டது என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் இத்தனை பாஷையில் ஒரே நேரத்தில் ஒரு டயரைப் பற்றிச் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை. கோடு நாலு விரல் அகலம், டயர் சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

சாப் விரலால் தரையில் இருந்த கூழைத் தொட்டு முகர்ந்தார். "இது என்ன மிஸ்திரி?"

"பூசணிக்காய் சாப். திருஷ்டிக்கு."

"எத்தனை?"

"பதினஞ்சு."

அவர் முகம் சிவந்த சிவப்பு, கோட்டைத் தாண்டினதற்குக்கூட அப்படிச் சிவக்கவில்லை. "அரே பாகல், பைத்தியக்காரா! பதினஞ்சு காயா? எறா போட்டு ஆக்குனா என் தாணாவே ஒரு வாரம் சாப்பிடும்! அதைப் போய் ரோட்டுல..." வங்காளிகளுக்கு வெள்ளைப் பூசணியும் இறாலும் என்றால் நமக்குப் பொங்கல் மாதிரி என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பின்னால் ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலு பேர். அப்புறம் மொத்த ஜனமும். சாப் முறைத்துப் பார்த்தார், மீசை துடித்தது, கடைசியில் அவருக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் மனுஷன் சொல்லை விடவில்லை. சட்டைப் பையில் இருந்து கடிதத்தை எடுத்துக் கேஸ் கட்டர் மேல் வைத்தார்.

"சரி. டயர் கோட்டு மேல. பாதி குத்தம். அதனால பாதி தீர்ப்பு. உன் பொண்ணே ஓட்டட்டும். ஒரு சுத்து. அந்த ஆட்டம் ஆடியே திரும்பட்டும். சக்கரம் கோட்டைத் தொட்டாக்கூட வெட்டு. தொடலைன்னா, நாள் முழுக்க நடத்திக்கோ. நீ பக்கத்துல உக்காரு."

"நானா?"

"நீதானே பெரிய மிஸ்திரி."

முதலில் கூழை அகற்ற வேண்டும். தீயணைப்பு வண்டி எதற்கு வந்து நிற்கிறது? அவர்களும் காலையில் இருந்து சும்மா உட்கார்ந்து வெறுத்துப்போய் இருந்தார்கள். குழாயைத் திறந்து ஆரம்பக் கோட்டில் இருந்து அந்தக் கோடி வரை பீச்சி அடித்துக் கூழையெல்லாம் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே தளம் முழுக்க நனைந்து கண்ணாடி மாதிரி மின்னியது. கோமதி என் காதில் சொன்னாள், "பப்பா, எனக்கு இப்படித்தான் வேணும்னு இருந்தேன்."

7

மகள் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எப்போதும் ஸ்டியரிங் என் கையில்தான். ஹெல்மெட் என் தலைக்குச் சின்னது, காது இரண்டும் நசுங்கியது.

"கண்ணை மூடாதீங்க பப்பா. என் கையைப் பிடிக்காதீங்க. கத்தணும்னா கத்திக்கோங்க."

"நான் எதுக்குக் கத்தணும்? இந்த எஞ்சினைப் பிரிச்சுக் கோத்தவன் நானு."

காம்பில் இரண்டாவது கியரில் ஏற்றினாள். எஞ்சின் சத்தம் எனக்குப் பாட்டு மாதிரி, ஒரு வால்வுகூடத் தட்டவில்லை. குழி வந்தது. கிளட்சை ஒரு உதை உதைத்து விட்டாள். பின்பக்கம் கழன்றுகொண்டது.

அவ்வளவுதான், உலகம் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தது. ஜன்னலில் டயர் சுவர், ஜனம், குடை, சாப், மாலை போட்ட சிலிண்டர், மறுபடி டயர் சுவர். நான் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டு இருந்தேன். கோடு என் கதவுக்கு ஒரு முழத்தில் வந்தது. நான் கத்தினேன். கோமதி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தாள், பின்பக்கம் போகிற பக்கமே. அந்த விளாத்திகுளம் டிரைவர் ஒடித்த அதே ஒடிப்பு. அவள் அவரைப் பார்த்ததில்லை, நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கோடு ஒரு சாணாக வந்து, அப்படியே விலகிப் போனது.

அப்போதுதான் டாஷ்போர்டுக்கு உள்ளே எங்கேயோ சரசரவென்று ஒரு சத்தம். வண்டி சுழல்கிற சுழலில், நான் மூணு தடவை கழற்றித் துடைத்து மாட்டின அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருந்து, மணல் கொட்டியது. சாம்பல் நிறக் கடல் மணல். ஒரு கைப்பிடி இருக்கும், என் வேட்டியில், மடியில். கூடவே ஒரு பொடிச் சிப்பி. எட்டு வருஷமாக எந்த நேர் ரோட்டிலும் விழாமல் அங்கேயே ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது.

கோமதி ஓரக் கண்ணால் பார்த்துவிட்டாள். "பப்பா! சமுந்தர்!" என்று கடலைக் கூப்பிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

ஆரம்பக் கோடு வந்தது. சாப் சொன்ன ஒரு சுத்து முடிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன கத்தினேன் தெரியுமா? வண்டி வெட்டுப்படக்கூடாது என்று நாலு நாளாகச் சோறு இறங்காதவன் கத்தினேன்:

"ஏ கோமதி! இன்னொரு சுத்து! இன்னொரு சுத்து போடு தாயி!"

போட்டாள். அதுவும் கோட்டைத் தொடவில்லை.

இறங்கினோம். சாப் வந்து நாலு பக்கமும் கோட்டைப் பார்த்தார். சுண்ணாம்பு கலையவே இல்லை. கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "ரெண்டாவது சுத்து யார் சொல்லிப் போட்டது?" என்று கேட்டார். "நான்தான் சாப்" என்றேன். "தெரியும். இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

அப்புறம் நாள் முழுக்கத் திருவிழாதான். பூசணி இல்லாமல் ஓட்டின ராமையாவின் சுத்துதான் எல்லாரையும் விட வேகம். ஒவ்வொரு டிரம்முக்கும் ஹாரன் அடித்தான், ஆளே இல்லாத தளத்தில். முட்டை வேன் அக்கா ஒரு டிரம்மைச் சுற்றி மூணு தடவை வழுக்கிவிட்டு இறங்கி, "தலை சுத்துது, ஆனா இன்னொரு தடவை போறேன்" என்று மறுபடி ஏறினார். மாரியம்மாள் வண்டியில் ஏறவே இல்லை. ஆனால் சுவருக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கைதட்டினதை நான் பார்த்தேன். வருஷம் ஒரு நாள் அந்தத் தளத்தில் நடத்திக்கொள்ளலாம், அதுவரை யாரும் ரோட்டில் ஆடக்கூடாது என்று சாப் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அடுத்த தடவை பூசணிக்காய் அவர் வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

வீட்டுக்கு வரும் வழியில் கோமதி கேட்டாள். "பப்பா, லாரி வழுக்குச்சுன்னு சொல்லுவீங்களே, அந்தக் கறுப்பு மண் ரோடு. அது இன்னும் இருக்கா?"

நான் 'கோவில்பட்டி' என்று சொல்லாமலே அவளாகக் கேட்டாள். மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டுமாம். அதனால் ஐப்பசியில் வருகிறோம். அந்தக் காட்டுப் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்களா என்று யாராவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். போடாமல் இருந்தால், நாங்கள் வந்துவிட்டுப் போகும் வரை போட வேண்டாம் என்று பஞ்சாயத்தில் என் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. போன மலரில், அம்பாசடரை ஒரு பொடி மணல் இல்லாமல் எடுத்தேன் என்று எழுதியிருந்தேன். அது தப்பு. ஒரு கைப்பிடி இருந்தது. அந்த மணலும் சிப்பியும் இப்போது மாரியம்மாளின் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கின்றன, கோமதிதான் வைத்தாள். இந்த மலரில் எங்கேயாவது ஒரு மூலையில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

மற்றபடி நான் எழுதினது எல்லாம் நெசம்.